ஏவல் வினைகளால் ஆன மொழி

1978-இல் ஐபிஎம் இந்தியாவை விட்டு வெளியேறியது. வெளிநாட்டுப் பங்கை 40 விழுக்காடாகக் குறைக்க அது இசையவில்லை. அதே ஆண்டு அந்நிறுவனம் அமெரிக்காவில் அறிவித்த சிஸ்டம்/38 கணினியோடு பிறந்ததுதான் ‘கன்ட்ரோல் லாங்வேஜ்’, சுருக்கமாக சிஎல். 1988-இல் வந்த ஏஎஸ்/400 அம்மொழியைச் சுவீகரித்துக்கொண்டது. 1992-இல் டாட்டாவுடன் கூட்டுச் சேர்ந்து ஐபிஎம் இந்தியா திரும்பியது.

கணக்குப் போடுவது ஆர்பிஜி, கோபோல் போன்ற மொழிகளின் வேலை. அவற்றை எந்த வரிசையில் ஓட்டுவது, யாருக்குச் செய்தி அனுப்புவது என்று ஏவுவது சிஎல். அதன் கட்டளைகளில் பெரும்பாலானவை ஏவல் வினைகளே. ‘டிஸ்ப்ளே’ என்பது டிஎஸ்பி. ‘கிரியேட்’ என்பது சிஆர்டி. ‘மெசேஜ்’ என்பது எம்எஸ்ஜி. பெரும்பாலும் மூன்றெழுத்து வினை, பின்னே பெயர். உயிரெழுத்து உதிர்ந்து மெய் மட்டும் நிற்கும். (‘ஜாப்’, ‘லிப்’ போன்ற சில தப்பித்தன.)

மாட்டுங்கா, செம்பூர்த் தமிழர்களின் முந்தைய தலைமுறைக்கு இத்தகைய எழும்புக்கூட்டு எழுத்து புதிதன்று. 1837-இல் பிட்மன் வெளியிட்ட சுருக்கெழுத்திலும் மெய்க்கே கோடு; உயிருக்குப் புள்ளியும் சிறு கீற்றும்தான், வேகம் கூடினால் அவையும் விடுபடும். பிட்மனிலிருந்து சிஎல் வந்தது என்பதன்று என் வாதம். விடுபட்ட உயிரை மனத்தால் ஏற்றி வாசிக்கும் அத்திறனே பம்பாயில் தமிழ்க் குமாஸ்தாக்களுக்குச் சோறு போட்டது. 1966-இல் சிவசேனை எழுந்தபோது அந்த வேலைகளே குற்றச்சாட்டாயின. ‘மார்மிக்’ இதழ் அலுவலகங்களில் இருந்த தென்னிந்தியர்களின் பெயர்களைப் பட்டியலிட்டது.

சொல்லமைப்பைவிட என்னை ஈர்ப்பது தொடரமைப்பு. ஆங்கிலத்தில் எழுவாயையும் செயப்படுபொருளையும் இடம் மாற்றினால் பொருள் மாறிவிடும். தமிழில் ‘கண்ணனுக்குக் கடிதத்தை அனுப்பு’, ‘கடிதத்தைக் கண்ணனுக்கு அனுப்பு’ இரண்டும் ஒன்றே. வேற்றுமை உருபு காக்கிறது. சிஎல்லிலும் ஒவ்வொரு மதிப்புக்கும் அதன் பங்கைச் சொல்லும் திறவுச்சொல் உண்டு. அதை எழுதிவிட்டால் எதை முன்னே வைத்தாலும் கேடில்லை. விட்டுவிட்டால் ஆங்கிலம்போல் இடவரிசையே கதி. வினை மட்டும் அசையாது: தமிழில் இறுதியில், சிஎல்லில் முதலில்.

நிபந்தனையும் அப்படியே. ‘தவறினால்’ என்பதில் ‘ஆல்’ வினைக்குப் பின் ஒட்டுவதுபோல, பிழையைக் கண்காணிக்கும் எம்ஓஎன்எம்எஸ்ஜி கட்டளையும் காக்கவேண்டிய கட்டளைக்கு அடுத்த வரியில் வருகிறது. அந்த ஒரு வரியை எழுத மறந்தால், இரவில் ஓடும் வேலை பாதியில் நின்று, விடியும்வரை யாரோ ஒருவரின் பதிலுக்காகக் காத்திருக்கக்கூடும்.