மண்கோப்பையும் தோல்பந்தும்

கிரிக்கெட் பந்து தோலால் ஆனது. உள்ளே தக்கை, அதன்மேல் நூல்சுற்று, அதற்கும் மேலே சாயமேற்றிய தோல். மீரட்டிலும் ஜலந்தரிலும் அதைத் தைக்கிறவர்களில் நம்ம ஜனங்க கணிசம். தோலைத் தொட்டால் தீட்டு என்று சொன்னவர்கள் இந்தத் தோலை மட்டும் எச்சில் தொட்டு, தொடையில் தேய்த்து வீசினார்கள். பந்துக்குத் தீட்டில்லை. அதைப் போட்ட கைக்கு உண்டு. அந்தக் கைகளில் ஒன்றைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

நல்லூரில் நாங்க படிக்கும்போது தோல்பந்தைக் கண்ணால் பார்த்ததில்லை. பனியன் கம்பெனி கட்டிங் வேஸ்ட்டை இறுக்கி உருட்டி, பழைய சைக்கிள் டியூபை வளையம் வளையமாக நறுக்கி மாட்டினால் அதுதான் பந்து. தென்னைமட்டை பேட். என்கூட ஒருத்தன் படித்தான், எங்க காலனிக்காரன். பேரை எழுத வேண்டாம்னு சொல்லிவிட்டான். இடதுகைக்காரன். டியூப் வளையத்தை ஒருபக்கம் அதிகமாக மாட்டி, அந்தத் துணிப்பந்தையே தரையில் பட்டதும் திருப்புவான். எப்படிடா என்று கேட்டால் விரலைக் காட்டுவான், அவ்வளவுதான். வெளியூரோடு பந்தயம் என்றால் ஊர்ப் பசங்க சைக்கிளில் காலனி முக்குவரைக்கும் வந்து அவனைக் கூப்பிட்டுப் போவார்கள். ஜெயித்ததும் டீக்கடை. அவர்களுக்குக் கண்ணாடி டம்ளர். இவனுக்குத் தனி டம்ளர், கடைக்கு வெளியே நின்று குடித்துவிட்டு இவனே கழுவி வைக்கணும். எட்டாவதோடு நின்று கைமடிக்கப் போனான். சனிக்கிழமை சம்பளம், ஆர்டர் அவசரம் என்றால் ஞாயிறும் வேலை. ஆட்டம் அதோடு போச்சு. நான் விடவில்லை. ஆட வராது, ஆனால் ஸ்கோர் எழுதுவேன், அம்பயராக நிற்பேன். நாற்பது வருஷமாக அதுதான்.

பல்வங்கர் பாலூவைப் பற்றி நான் தெரிந்துகொண்டது 2002இல் ராமச்சந்திர குஹாவின் புத்தகம் வந்த பிறகுதான். பள்ளிக்கூடத்தில் ரஞ்சியைச் சொல்லிக்கொடுத்தார்கள். இவரைச் சொல்லவில்லை.

பாலூ தார்வாடில் பிறந்தவர். தோல்வேலை செய்யும் சமார் சாதி. புனாவில் வெள்ளைக்காரன் கிளப்பில் ஆடுகளத்தைக் கூட்டுவது, உருளை இழுப்பது, வலை கட்டுவது அவர் வேலை. மாதச் சம்பளம் 4 ரூபாய். கிரெய்க் என்ற துரைக்கு மணிக்கணக்காகப் பந்து போட்டார். தன்னை அவுட்டாக்கினால் ஒவ்வொரு முறையும் துரை எட்டணா கொடுத்தார் என்று ஒரு கதை உண்டு. பந்து போட விட்டார்களே தவிர பேட்டைக் கையில் கொடுக்கவில்லை. பேட் பிடிப்பது எசமான் காரியம் போல. இவரும் இடதுகை சுழல்பந்துதான்.

துரைகளை ஜெயிக்க ஆள் வேண்டும் என்றதும் புனா இந்துக்கள் பாலூவைச் சேர்த்துக்கொண்டார்கள். மைதானத்துக்குள் ஒரே பந்தைத் தொட்டார்கள். டீ இடைவேளையில் அவருக்குக் கூடாரத்துக்கு வெளியே மண்கோப்பை. சாப்பாடு தனித்தட்டில், தனிமேசையில். இதை என் கூட்டாளியிடம் சொன்னபோது, "எனக்காச்சும் கழுவி வைக்கச் சொன்னாங்கடா. அது மண்ணு, குடிச்சா ஒடச்சுப் போட்டுருவாங்க" என்றான்.

பிறகு பாலூ பம்பாய் போனார். 1906இல் இந்துக்கள் அணி வெள்ளையர் அணியை 109 ரன்னில் தோற்கடித்தபோது அந்த அணியின் பந்துவீச்சுக்கு முதுகெலும்பு இவர். 1911இல் இங்கிலாந்து போன அணிக்கு பாட்டியாலா மகாராஜா தலைவர். விக்கெட் எடுத்தவர் பாலூ: மொத்தம் 114.

இவ்வளவு எடுத்தும் தலைமை தரவில்லை. சிவராம், கண்பத், விட்டல் என்று தம்பிகளும் நல்ல ஆட்டக்காரர்கள். 1920இல் பாலூவை அணியிலிருந்தே விலக்கியபோது, சிவராமும் விட்டலும் சாதிதான் காரணம் என்று பகிரங்கமாகச் சொல்லி வெளியேறினார்கள். எனக்கு அந்த 114 விக்கெட்டைவிட இது பெரிது. கிடைத்த இடமும் போய்விடும் என்று தெரிந்தே செய்தார்கள். அதன்பின் பாலூவை அழைத்துத் துணைத்தலைவராக்கினார்கள். 1923இல் விட்டல் இந்துக்கள் அணிக்குத் தலைவரானார், கோப்பையும் வாங்கினார். அண்ணனுக்கு வராதது தம்பிக்கு வந்தது.

இன்னொன்றையும் சொல்லணும். இளம் வயதில் அம்பேத்கர் பாலூவைப் பெருமையோடு பார்த்தவர், பாராட்டுக் கூட்டங்களில் முன்நின்றவர். 1932இல் தனித்தொகுதி விவகாரத்தில் பாலூ எதிர்ப்பக்கம் போனார். 1937 தேர்தலில் காங்கிரஸ் பாபாசாகேபுக்கு எதிராக அவரையே நிறுத்தியது. அம்பேத்கருக்கு 13,245 ஓட்டு, பாலூவுக்கு 11,225. நம்ம நண்பர்கள் சிலர் இந்தப் பகுதியைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். எதற்குத் தாண்டணும்? நம்ம ஆளை நம்ம ஆளுக்கு எதிராக நிறுத்துவது அந்தக் கட்சிக்குக் கைவந்த கலை. அதற்குப் பாலூவும் உடன்பட்டார். மண்கோப்பையும் உண்மை, இதுவும் உண்மை.

பாலூ 1955 ஜூலையில் இறந்தார். அவர் தன் கதையை எழுதவில்லை. விட்டல் மட்டும் 1948இல் தன் ஆட்டக்கதையை மராத்தியில் எழுதிவைத்தார்.