தேவியரின் தீவில் பெண்களுக்கு இடமில்லை

ஜப்பானியக் கடல் தெய்வம்னு சொன்னாலே, கடலடி அரண்மனையில வாழுற டிராகன் ராஜா ரியூஜின்தான் பலருக்கும் ஞாபகம் வருவார். அனிமே பார்க்கிறவங்களுக்கு அவர் பழக்கமானவர், அதனால இன்னைக்கு அவரை விட்டுடலாம். நாம பேசப்போறது முனகாதாவின் மூன்று சகோதரிகளைப் பற்றி.

கதை கி.பி. 712-ல் தொகுத்த கோஜிகியில இருக்கு. சுசானோ தன் அக்கா, சூரிய தேவி அமதெராசுவைப் பார்க்க வானுலகம் போறான். தன் நாட்டைப் பிடுங்க வர்றானோன்னு அவளுக்குச் சந்தேகம். உண்மையைச் சோதிக்க ஒரு சபதம் நடக்குது. அவன் வாளை வாங்கி மூன்றாக உடைத்து, மென்று, ஊதித் துப்புகிறாள். அந்த மூச்சுப் பனியில் பிறந்தவர்கள்தான் இந்த மூன்று தேவியர்.

எட்டு வருஷம் கழித்து வந்த நிஹோன் ஷோகி இவர்களுக்கு ஒரு வேலையும் கொடுக்குது: கடல் வழியில போய் இருங்க, அரச வம்சத்துக்குத் துணையா நில்லுங்க.

எந்தக் கடல் வழி? மேப்பைத் திறந்து பாருங்க. ஒரு கோயில் கியூஷு கரையில், அடுத்தது ஓஷிமா தீவில், மூன்றாவது கரையிலிருந்து சுமார் 60 கிலோமீட்டர் தள்ளி ஒகினோஷிமாவில். அப்படியே போனா கொரியா. அன்றைய ஜப்பானுக்கு இரும்பு அங்கிருந்துதான் வந்தாகணும். அந்தப் பாதையில கப்பல் கவிழ்ந்தா அரசுக்கே அடி. அதனாலதான் 4-ஆம் நூற்றாண்டுலேர்ந்து 9-ஆம் நூற்றாண்டு வரைக்கும் ஒகினோஷிமாவில் பூஜை நடந்திருக்கு. சீனாவுக்குத் தூதர்களை அனுப்புறது நின்ன காலத்துல அந்தப் பெரிய பூஜைகளும் நின்னுபோச்சு. தெய்வத்தை எங்கே வைக்கணும்னு வணிகமும் அரசியலும் முடிவு செஞ்சிருக்குன்னுதான் எனக்குத் தோணுது.

அந்தத் தீவுக்கு ஒரு கறாரான விதி: அங்கிருந்து ஒரு புல்லைக்கூட எடுத்துட்டு வரக் கூடாது, பார்த்ததை வெளியே சொல்லவும் கூடாது. ஆயிரம் வருஷத்துக்கு மேல காணிக்கைகள் போட்ட இடத்திலேயே கிடந்ததுக்கு அதுவும் ஒரு காரணம். 1954-லிருந்து 1971 வரை நடந்த அகழாய்வில் கொரியத் தங்க மோதிரம், பாரசீகக் கண்ணாடிக் கிண்ணத்தின் துண்டு, இரும்புக் கட்டிகள்னு சுமார் 80,000 பொருட்கள் கிடைச்சிருக்கு. எல்லாமே இப்போ தேசியப் பொக்கிஷம்.

இன்னொரு விதியும் உண்டு. பெண்கள் அந்தத் தீவில் கால் வைக்கக் கூடாது. ரத்தம் தீட்டு, கடல் பயணம் ஆபத்து, தேவி பொறாமைப்படுவாள்னு ஆளுக்கொரு காரணம் சொல்றாங்க. ஆபத்துங்கிறது மோட்டார் படகு காலத்துல எடுபடாது. பொறாமைங்கிறது ஆண்களே கட்டின கதைன்னு எனக்கு வலுவான சந்தேகம். 2017-ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தப்போ இந்தத் தடையைப் பற்றிக் கேள்வி எழுந்துச்சு. அதுவரை வருஷத்துல ஒரு நாள், மே 27 அன்று, சுமார் 200 ஆண்கள் நிர்வாணமாகக் கடலில் குளிச்சுட்டுத் தீவுக்குள்ள போவாங்க. 2018-லிருந்து அதையும் நிறுத்திட்டாங்க. பெண்களை உள்ளே விடுறதுக்குப் பதிலா, பொதுமக்கள் எல்லாரையுமே வெளியே நிறுத்தியாச்சு.

ஓஷிமாவின் வடகரையில், தூரத்திலிருந்தே கும்பிட ஒரு சின்ன சன்னதி இருக்கு. பெண்கள் காலங்காலமா அங்கே நின்னுதான் கும்பிடுறாங்க. வானம் தெளிவா இருந்தா, கிட்டத்தட்ட 50 கிலோமீட்டர் தள்ளி ஒகினோஷிமா ஒரு புள்ளியாத் தெரியும்.