அக்டோபர் 16

உலக உணவு நாளின் தேதிக்கும் எந்தப் பஞ்சத்துக்கும் தொடர்பில்லை. 1945 அக்டோபர் 16 அன்று கனடாவின் கியூபெக் நகரில் ஐ.நா. உணவு வேளாண்மை அமைப்பு தோன்றியது. 1979இல் ஹங்கேரி முன்மொழிய, அந்தப் பிறந்தநாளையே உலக நாளாக்கினார்கள். 1981 முதல் கொண்டாடுகிறோம். பசித்தவனை நினைக்க ஓர் அலுவலகத்தின் பிறந்தநாள்! பிறகு மே 28 உலகப் பட்டினி நாள், செப்டம்பர் 29 உணவு வீணாதல் குறித்த விழிப்புணர்வு நாள் என்று வரிசை நீண்டது.

அந்த அமைப்பைக் குறைத்துப் பேசுவதற்கில்லை. 1943 வங்கப் பஞ்சத்தின்போது அங்கே நிவாரணப் பொறுப்பில் இருந்த பி. ஆர். சென்தான் 1956 முதல் 1967 வரை அதன் தலைமை இயக்குநர். 1960இல் பட்டினி ஒழிப்புக்கென உலகளாவிய இயக்கம் ஒன்றைத் தொடங்கியவரும் அவரே. சாவை நேரில் பார்த்தவரின் வேகம் அது. அதே பஞ்சத்தை ஆராய்ந்து, முதல் உணவு நாள் வந்த அதே 1981இல் நூல் வெளியிட்டார் இன்னொரு சென், அமர்த்தியா. தானியம் இல்லாததைவிட, இருக்கும் தானியத்தைப் பெறும் வழி ஏழைக்கு அடைபட்டதே பெருங்காரணம் என்பது அவர் முடிவு. விழிப்புணர்வு நாட்கள் தயங்கும் இடமும் இதுதான். விளைச்சலைப் பற்றியும் வீணாக்காமை பற்றியும் மேடையில் பேசுவது எளிது. யாருக்கு என்ன உரிமை என்று கேட்டால் அரசு பதில் சொல்லியாக வேண்டும்.

இந்தியாவில் அந்தக் கேள்வி 2001இல் எழுந்தது. அரசுக் கிடங்குகளில் தானியம் குவிந்து கிடக்க, ராஜஸ்தானின் வறட்சிக் கிராமங்களில் பட்டினி. மக்கள் சிவில் உரிமைக் கழகம் உச்ச நீதிமன்றம் சென்றது. அந்த ஆண்டு நவம்பர் 28 அன்று, அரசு மற்றும் அரசு உதவிபெறும் தொடக்கப் பள்ளிகளில் சமைத்த மதிய உணவு தர வேண்டும் என்று ஆணை பிறந்தது. தமிழ்நாட்டுக்கு அது புதிதல்ல. காமராசர் காலத்துத் திட்டம் 1982இல் சத்துணவாக விரிந்திருந்தது. 2013இல் உணவுப் பாதுகாப்புச் சட்டமும் வந்தது. நவம்பர் 28க்கு எங்கும் விழா இல்லை. என் கணக்கில் அதுவே பெரிய நாள்.

2024இல் உலகில் சுமார் 67 கோடிப் பேர் பசியில் வாடினர் என்கிறது ஐ.நா. அறிக்கை. அக்டோபர் 16இல் விழா எடுப்போர் மேடைக்குப் போகுமுன் தங்கள் தெரு ரேஷன் கடைக்குப் போகட்டும். இருப்புப் பலகையைப் படித்து, அட்டை இருந்தும் அரிசி கிடைக்காதவர் யார் என்று விசாரிக்கட்டும்.