மிஷின் என்றால் தையல் மிஷின்தான்

பாறசாலையிலோ நெய்யாற்றின்கரையிலோ தையல் சாமான் விற்கும் கடையில் ‘மிஷின் ஊசி’ என்று கேட்டால் போதும். எந்த மிஷினுக்கு என்று கடைக்காரர் திருப்பிக் கேட்கமாட்டார். ‘மிஷின் நூல்’ என்றால் நூல்கண்டு. ‘மிஷின் எண்ணெய்’ என்றால் சின்னக் குப்பியில் வரும் நிறமில்லாத மெல்லிய எண்ணெய். மாவு அரைப்பதும் துணி துவைப்பதும் மரம் அறுப்பதும் மிஷின்கள்தாம். ஆனால் மாவு மிஷின், வாஷிங் மிஷின், அறுவை மிஷின் என்று அவை ஒவ்வொன்றும் முன்னால் ஓர் அடைமொழி போட்டுக்கொண்டே வரவேண்டும். வெறும் ‘மிஷின்’ என்று நிற்கும் உரிமை தையலுக்கு மட்டும் உண்டு. களியக்காவிளையில் கேரள எல்லையைத் தாண்டித் தமிழகத்தின் குமரி மாவட்டத்துக்குள் போனாலும் இதே வழக்குதான்.

இதே வழக்கு ஜப்பானிலும் இருக்கிறது. ஜப்பானியர் தையல் மிஷினை ‘மிஷின்’ என்றே அழைக்கிறார்கள். மற்ற இயந்திரங்களைச் சொல்ல அவர்களுக்கு ‘மஷின்’ என்று வேறொரு வடிவம் இருக்கிறது. ‘மிஷின்’ தையலுக்கு மட்டும் உரியது. நூல் ‘மிஷின்-இத்தோ’, எண்ணெய் ‘மிஷின்-அபுரா’, ஊசி ‘மிஷின்-பரி’. தாளைக் கிழிப்பதற்காக வரிசையாகத் துளையிட்ட கோட்டுக்குக்கூட ‘மிஷின்-மே’ என்று பெயர். ஊசி மட்டும் ஓடி நூல் ஓடாத தையல் அது. ஜப்பானிடமிருந்து கொரியாவும் இந்தச் சொல்லை வாங்கிக்கொண்டு ‘மிஷிங்’ என்கிறது.

பழைய ஜப்பான் மிஷின்களைத் தேடி எடுத்து ஓடவைப்பவர்கள் முதலில் வியக்கும் இடம் இதுதான். தமிழுக்கும் ஜப்பானிய மொழிக்கும் உறவு உண்டு என்று ஜப்பானிய அறிஞர் சுசுமு ஓனோ பல ஆண்டுகள் எழுதினார். மொழியியலாளரில் பெரும்பாலோர் அதை ஏற்கவில்லை. ‘மிஷின்’ அந்த வழக்கில் சாட்சி சொல்ல வராது. இரண்டு மொழிகளும் தனித்தனியே ஒரே ஆங்கிலச் சொல்லிலிருந்து எடுத்துக்கொண்டவை இவை. ஆங்கிலத்தில் இந்தச் சொல்லின் அழுத்தம் இரண்டாம் அசையில் விழும். முதல் அசையின் உயிரைப் பேசுபவர் பாதி விழுங்கிவிடுவார். கேட்பவர்தான் அதை நிரப்பிக்கொள்ள வேண்டும். அடுத்து வரும் ‘ஷி’யின் இகரம் அந்த வெற்றிடத்தையும் தன் பக்கம் இழுத்துக்கொள்ள, நம் காதுக்கும் ஜப்பானியர் காதுக்கும் ‘மி’ என்றே கேட்டிருக்கிறது. எல்லையின் மலையாளப் பேச்சிலும் ‘மிஷ்யன்’ என்று அதே இகரம்.

ஆங்கிலத்துக்கு முன் இந்தச் சொல் பிரெஞ்சில் இருந்தது. அதற்கு முன் லத்தீனில் ‘மாகினா’. அதற்கும் முன் கிரேக்கத்தில் ‘மேகானே’. கிரேக்க நாடக மேடையில் தெய்வங்களை மேலிருந்து இறக்கிய பாரந்தூக்கிக்கும் அதுவே பெயர். சூழ்ச்சி, உபாயம் என்பதே அதன் வேர்ப்பொருள். தமிழில் இயந்திரத்துக்குச் ‘சூழ்ச்சிப்பொறி’ என்று ஒரு பெயர் வழங்கியதை இங்கே நினைத்துக்கொள்ளலாம். ‘எந்திரம்’ என்ற சொல்லும் நமக்குப் புதிதல்ல. புறநானூற்றிலும் ஐங்குறுநூற்றிலும் கரும்பு ஆலைக்கு அந்தப் பெயர் இருக்கிறது. இவ்வளவு கையிருப்பு இருந்தும் வீட்டுப் பேச்சில் வென்றது மிஷின்தான். சத்தியவாணி முத்து அம்மையார் பெயரில் தமிழக அரசு வழங்குவதை விண்ணப்பத்தில் ‘இலவசத் தையல் இயந்திரம்’ என்று எழுதுகிறோம். வீட்டுக்கு வந்து இறங்கியதும் ‘மிஷின் வந்தாச்சு’ என்கிறோம். காரணம் எளியது. பெரும்பாலான வீடுகளுக்குள் வந்த முதல் இயந்திரம் அது. முதலில் வந்தது பொதுப்பெயரைத் தனக்கென்று எடுத்துக்கொண்டது. பின்னால் வந்தவை அடைமொழியோடு வந்தன. ஜப்பானிலும் நடந்தது இதுவே என்று நினைக்கிறேன்.

மிஷினுக்கு முன் இந்த மண்ணில் தையலுக்கு இருந்த சொற்களைப் பார்க்காமல் போகக்கூடாது. எல்லையின் கேரளப் பக்கம் ‘தய்யல்’ உண்டு, ‘துன்னல்’ என்பதும் உண்டு. ‘துன்னுக’ என்றால் தைப்பது. துன்னல்காரர் என்றால் தையல்காரர். இன்றைய தமிழர் பலருக்கு இது மலையாளச் சொல்லாகத் தோன்றும். ஆனால் சிலப்பதிகாரத்தின் இந்திரவிழவூரெடுத்த காதையில் புகார் நகரத்துத் தொழிலாளர் வரிசையில் துன்னகாரர் வருகிறார்கள். தோல் தைப்பவருக்கும் அங்கே துன்னர் என்றே பெயர். பொருநராற்றுப்படையில் பாடுபவனின் கந்தல் உடை துன்னல் போட்ட உடை. நாம் ஏட்டில் விட்டுவிட்டு வந்த சொல்லை மலையாளம் கடைப் பலகையில் வைத்திருக்கிறது. பூவேலைக்கு மலையாளத்தில் ‘சித்திரத்துன்னல்’ என்று பெயர். நாம் ‘எம்பிராய்டரி’ என்கிறோம். இரண்டில் எது நல்ல தமிழ் என்று கேட்டால், நான் தயங்காமல் முதலாவதைக் காட்டுவேன். மிஷின் மிதிப்பதற்கு இங்கே சொல்லும் ‘சவட்டு’ம் அப்படித்தான், மிதித்தல் என்ற பொருளில் தமிழ் அகராதிகளில் இருப்பதே அது.

இந்த ஊர்களில் தைத்த துணி வெறும் துணியாக இருந்ததில்லை. தெற்குத் திருவிதாங்கூரில் பெண்கள் மேலாடைக்காகப் பல பத்தாண்டுகள் போராடினார்கள். 1859 ஜூலை 26-ல் வந்த அரச அறிவிப்புதான் நாடார் பெண்களுக்கு மேலாடை உரிமையை எழுத்தில் தந்தது. அந்தப் போராட்டம் முழுவதும் அடிபட்ட சொல் ‘குப்பாயம்’: தைத்த மேற்சட்டை. அந்தக் குப்பாயங்கள் கையால் தைக்கப்பட்டவை. பாறசாலை அப்போது லண்டன் மிஷன் சங்கத்தின் ஒரு நிலையம். அவர்கள் ஆவணங்களில் அதை ‘பரேச்சாலே’ என்று எழுதினார்கள். நாகர்கோவிலில் அதே சங்கத்தின் மார்த்தா மால்ட் தொடங்கிய பின்னல் லேஸ் வேலை அந்த மிஷன் ஊர்களில் பெண்களின் கைக்கு ஒரு வருமானம் தந்தது. ஊசி வேலைக்கு இங்கே அப்படி ஒரு மரியாதை இருந்தது. மிஷின் வந்து சேர்ந்தது அந்த மரியாதைக்குள்.

ஜப்பான் மிஷின்களின் பெயர்களுக்கு வருவோம். ‘ஜனோம்’ என்று நாம் சொல்வது ஜப்பானியத்தில் ‘ஜா-நோ-மே’. பாம்பின் கண் என்று பொருள். 1921-ல் டோக்கியோவில் யோசாகு ஓசே தொடங்கியபோது அந்தக் கம்பெனியின் பெயர் ‘பைன்’. அந்நாளைய மிஷின்கள் பலவற்றில் அடிநூல் நீளமான படகு போன்ற ஷட்டிலுக்குள் இருக்கும். புதிதாக வந்த வட்டப் பாபின், மேலிருந்து பார்க்க வளையத்துக்குள் வளையமாகப் பாம்பின் கண்போலத் தெரிந்ததால் ‘ஜா-நோ-மே’ என்றே அதை அழைத்தார்கள். அந்தப் பேச்சுப்பெயரே விற்பனைப் பெயராகி, 1954-ல் கம்பெனியின் பெயருமாயிற்று. ஜப்பானியர் பாபினில் கண்ணைப் பார்த்தார்கள். நாம் ஊசியில் காதைப் பார்த்தோம். மலையாளிகள் அதே ஓட்டையில் ‘சூசிக்குழ’ என்று குழையைப் பார்த்தார்கள். குழை என்றால் காதணியும்தான். சர்ப்பக்காவுகள் நிறைந்த இந்தப் பகுதியில் ‘பாம்புக் கண்’ என்ற பொருளைச் சொன்னால் கேட்பவர் முகம் மலர்கிறது.

‘பிரதர்’ என்பதில் உள்ள சகோதரர்கள் உண்மையானவர்களே. 1908-ல் நகோயாவில் யசுயி கனேகிச்சி தொடங்கிய பழுதுபார்க்கும் கடையை அவர் மகன்கள் வளர்த்தார்கள். 1928-ல் வைக்கோல் தொப்பி தைக்கும் மிஷினுக்கு அந்தப் பெயரை வைத்தார்கள். ‘ஜூகி’ 1938-ல் ஆயுதம் செய்யப் பிறந்தது. ‘ஜூ’ கனம், ‘கி’ இயந்திரம். போர் முடிந்தபின் அதே பட்டறை தையல் மிஷினுக்குத் திரும்பியது. ஒரு பெயருக்குள் இவ்வளவு வரலாறு அடங்கியிருப்பது எனக்கு எப்போதும் மனநிறைவு தரும்.

ஆனால் போருக்குப் பிந்திய ஜப்பான் மிஷின்களில் பெயர்ப்பலகையை நம்பக்கூடாது. சிங்கர் கம்பெனியின் 15-ஆம் வகை மிஷினை மாதிரியாகக் கொண்டு அளவுகளைப் பொதுவாக்கிப் பல பட்டறைகள் ஒரே உடலைச் செய்தன. வாங்கி ஏற்றுமதி செய்தவர் கேட்ட பெயரை முன்னால் ஒட்டிக் கொடுத்தார்கள். ஒரே மிஷின் நூற்றுக்கணக்கான பெயர்களில் உலகம் சுற்றியது. உண்மைப் பெயர் அடியில் இருக்கிறது: மிஷினைச் சாய்த்துப் பார்த்தால் இரும்பில் ‘ஜே.ஏ.’, ‘ஜே.சி.’ எழுத்துகளும் ஓர் எண்ணும் வார்த்திருக்கும். செய்தவர் யார் என்பதற்கான குறி அது. பொது அளவில் செய்ததால் நமக்கொரு நன்மையும் உண்டு. நம்மூர்க் கருப்பு மிஷினுக்குப் போடும் ஊசியும் பாபினும் இவற்றில் பலவற்றுக்கும் அப்படியே பொருந்தும். சிங்கப்பூரிலிருந்தோ வளைகுடாவிலிருந்தோ பெட்டியோடு வந்த மிஷினைப் பாறசாலையில் கிடைக்கும் ஊசியால் ஓட்டலாம்.

பூத்தையல் போடும் ஜப்பான் மிஷின் ஒன்றின் மேல்மூடியைத் திறந்து பாருங்கள். உள்ளே சிறு தட்டுகள் அடுக்காக இருக்கும். அவற்றைக் ‘கேம்’ என்பார்கள். ஒவ்வொன்றின் விளிம்பும் மேடும் பள்ளமுமாக வெட்டியிருக்கும். ஒரு சிறு இரும்பு விரல் அந்த விளிம்பைத் தடவிக்கொண்டே நிற்கும். மேடு வந்தால் ஊசித்தண்டு ஒருபக்கம் நகரும். பள்ளம் வந்தால் மறுபக்கம். அடியில் பற்கள் துணியை நகர்த்திக்கொண்டே இருக்க, இலை, சிப்பி, மாங்காய்க் கொத்து என்று கோலம் விழும். தட்டு ஒரு சுற்றுச் சுற்றுவதற்குள் ஊசி பலமுறை இறங்கி ஏறிவிடும். அவ்வளவு மெதுவாக அதைத் திருப்ப ஒரு திருகுப் பல்சக்கரம். பல ஆண்டு சும்மா கிடந்த மிஷினில் எண்ணெய் காய்ந்து அரக்காகி அந்த விரலைப் பிடித்துக்கொள்ளும். இங்கேதான் பலர் குறடு போட்டு உடைத்துவிடுகிறார்கள். வலுக்காட்டக் கூடாது. மண்ணெண்ணெய்யைச் சொட்டுச் சொட்டாக விட்டு, ஒரு நாள் விட்டு மறுநாள் கையால் சக்கரத்தை அசைக்க வேண்டும். உலோகப் பல்சக்கரம் இருந்தால் பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும். பின்னாளில் வந்த நைலான் சக்கரம் வயதானால் வெடித்துவிடும். அதற்கு மாற்றுச் சக்கரம் தேட வேண்டியதுதான்.

தையல் மிஷினைப் பற்றி உலகில் நடந்த முக்கியமான பேச்சு ஒன்றில் நெய்யாற்றின்கரைக்குப் பங்கு இருக்கிறது. 1924-ல் காந்தியிடம், எல்லா இயந்திரங்களையும் நீங்கள் எதிர்க்கிறீர்களா என்று ராமச்சந்திரன் என்ற 20 வயது சாந்திநிகேதன் மாணவர் கேட்டார். காந்தி தையல் மிஷினுக்கு விலக்குக் கொடுத்தார். கையால் தைத்துக் களைத்த மனைவிமேல் வைத்த அன்பால் சிங்கர் அதைக் கண்டுபிடித்தார் என்றார். மாணவர் விடவில்லை: அப்படியானால் அந்த மிஷினைச் செய்ய ஒரு தொழிற்சாலை வேண்டுமே? வேண்டும், அது அரசின் கையில் இருக்கட்டும் என்று காந்தி பதில் சொன்னார். காந்தியின் செயலர் மகாதேவ தேசாய் இதை நவம்பர் 13-ஆம் தேதி ‘யங் இந்தியா’வில் வெளியிட்டார். அந்த மாணவர்தான் ஜி. ராமச்சந்திரன். பின்னாளில் மனைவி சௌந்தரத்தோடு சேர்ந்து 1947-ல் திண்டுக்கல் அருகே காந்திகிராமத்தை நிறுவியவர்; நெய்யாற்றின்கரை ஊருட்டுகாலாவில் தம் தாயின் பெயரால் மாதவி மந்திரம் அமைத்து வாழ்ந்தவர். தமிழும் மலையாளமும் கலந்த இந்த எல்லைக்கு இதைவிடப் பொருத்தமான மனிதர் இல்லை.

வரலாற்றில் அந்த மனைவி கதைக்கு இடமில்லை. எலியாஸ் ஹவ் 1846-லேயே தையல் மிஷினுக்குக் காப்புரிமை வாங்கிவிட்டார். ஐசக் மெரிட் சிங்கர் ஏற்கனவே இருந்த மிஷின்களைத் திருத்தி 1851-ல் காப்புரிமை வாங்கினார். அவருடைய நடுப்பெயர் இன்னும் நம் வீடுகளில் இருக்கிறது. இந்தியாவில் சிங்கர் கம்பெனி விற்ற ‘மெரிட்’ மிஷினைத் தகுதி என்ற பொருளில் வைத்த பெயராகவே பலரும் எண்ணுகிறார்கள். அது சிங்கரின் பெயர். ‘உஷா’வோ ஒரு மகளின் பெயர்: 1930-களில் கல்கத்தாவில் அந்த மிஷினைச் செய்யத் தொடங்கிய பிஷன் தாஸ் பாசில் தம் மகள் பெயரை அதற்கு வைத்தார். இன்று கடைகளில் ‘உஷா ஜனோம்’ என்று இரண்டும் ஒன்றாக நிற்கின்றன. ஒரு கல்கத்தா மகளும் ஒரு டோக்கியோப் பாம்பின் கண்ணும்.

உங்கள் வீட்டுத் திண்ணையிலோ பரணிலோ ஒரு ஜப்பான் மிஷின் கிடந்தால், ஆக்ரிக்காரருக்கு எடைக்குப் போடுவதற்குமுன் மூன்று காரியம் செய்யுங்கள். சாய்த்து, அடியிலுள்ள எழுத்தையும் எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள். மேலுள்ள பெயரைப் புதுப் பெயின்ட் அடித்து மறைக்காதீர்கள். பழைய கருப்பு மிஷினின் பொன்னெழுத்தை ஸ்பிரிட்டால் துடைத்தால் அது கரைந்துவிடும், மிஷின் எண்ணெய் தொட்ட துணியே போதும். அதை ஓட்டிய அம்மாவோ அக்காவோ இருந்தால், ஒவ்வொரு உறுப்பையும் அவர்கள் எந்தப் பெயரால் சொல்கிறார்கள் என்று கேட்டு எழுதிவையுங்கள். எனக்குத் தெரிந்தவரை இந்தச் சொற்களை எந்த அகராதியும் இன்னும் முழுமையாகத் தொகுக்கவில்லை.