மெட்டு கழற்றிய கிட்டார்

வீணையைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவர்களுக்குத் தெரியும். அதன் தண்டியின் மேல் மெழுகு வைத்து அதில் 24 மெட்டுகளைப் பதித்திருப்பார்கள். பாட்டின் மெட்டு வேறு. இது கம்பியை அழுத்தும் இடத்தில் இருக்கும் உலோகக் கட்டை. மெட்டு சரியான இடத்தில் இருந்தால் விரல் சற்று முன்னே பின்னே பட்டாலும் ஸ்வரம் சரியாக வரும். கிட்டாரில் இதையே பிரெட் என்கிறார்கள். அந்த மெட்டுகளே இல்லாமல் ஒரு பேஸ் கிட்டார் உண்டு. பிரெட்லெஸ் என்பார்கள். அதன் கதையைத்தான் இன்று எழுதப் போகிறேன்.

முதலில் பேஸ் கிட்டார் எது என்று சொல்லிவிடுகிறேன். ஆடிப் பண்டிகைக்கு நம் அம்மாபேட்டையில் இரவு மெல்லிசைக் கச்சேரி கேட்டவர்களுக்கு மேடையில் பாடியவர் நினைவில் இருப்பார், டிரம்ஸ் அடித்தவர் நினைவில் இருப்பார். பின்வரிசையில் நான்கு தடித்த கம்பிகள் உள்ள நீண்ட கிட்டாரோடு ஒருவர் அசையாமல் நின்றிருப்பாரே, அவர் நினைவுக்கு வருவது கடினம். ஆனால் நெஞ்சுக்குள் 'தும் தும்' என்று இறங்கியது அவர் வாசித்ததுதான். அவர் நிறுத்தினால் பாட்டு அந்தரத்தில் தொங்குவது போல இருக்கும்.

அந்த வேலையை முன்பு செய்தது டபுள் பேஸ். ஆள் உயரத்துக்கு மேல் இருக்கும் பெரிய வயலின் என்று வைத்துக்கொள்ளுங்கள். வயலினைப் போலவே அதற்கும் மெட்டு கிடையாது. தூக்கிச் சுமப்பது பெரும்பாடு. டிரம்ஸும் எக்காளமும் முழங்கும் இடத்தில் அதன் சத்தம் எடுபடாது. தன் சத்தம் தனக்கே கேட்காதபோது, மெட்டில்லாத கருவியில் சுருதி சேர்ந்து வாசிப்பது எப்படி?

இதற்கு வழி கண்டவர் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் இருந்த லியோ ஃபெண்டர். 1951இல் மின்சார பேஸ் கிட்டார் ஒன்றைச் சந்தைக்குக் கொண்டுவந்தார். அதற்கு முன்பே சிலர் முயன்றிருக்கிறார்கள், ஆனால் உலகமெங்கும் பரவியது இவருடையதுதான். அதற்கு அவர் வைத்த பெயர் பிரிசிஷன் பேஸ், அதாவது துல்லியமான பேஸ். மெட்டு இருப்பதால் ஸ்வரம் பிசகாது என்பதுதான் பெயருக்குக் காரணம். இரைச்சலான மேடையில் நிற்கும் கலைஞனுக்கு அது பெரிய உதவி.

அவருடைய கிட்டாரின் உடம்பு கெட்டி மரம். ஐரோப்பாவில் வேறு வழியில் போனார்கள். ஜெர்மனியின் ஹாஃப்னர் நிறுவனம் 1956இல் வயலின் வடிவத்தில், உள்ளே கூடாக, ஒரு பேஸ் கிட்டார் செய்தது. பீட்டில்ஸ் குழுவின் பால் மெக்கார்ட்னி 1961இல் ஹாம்பர்க் நகரில் அதை வாங்கினார். பிறகு அது அவருடைய அடையாளமாகவே ஆகிவிட்டது. கூடு உள்ள கருவி எடை குறைவு. நம் வீணைக் குடத்தைப் போல உள்ளே இருக்கும் காற்றும் சேர்ந்து ஒலிப்பதால் நாதம் கனிவாக இருக்கும். ஒரு குறையும் உண்டு. ஒலிபெருக்கியின் சத்தத்தைக் கூட்டினால் அந்தச் சத்தமே கூட்டுக்குள் புகுந்து, கருவி ஊளையிட ஆரம்பித்துவிடும்.

மெட்டு வந்து பத்து வருடம்கூட முழுசாக ஆகவில்லை, அதைக் கழற்ற ஒருவர் வந்துவிட்டார். பின்னாளில் ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவில் சேர்ந்த பில் வைமன், 1961இல் மலிவான பேஸ் ஒன்றை வாங்கி, தேய்ந்த மெட்டுகளை மாற்றலாம் என்று பிடுங்கினார். மெட்டில்லாமல் வாசித்துப் பார்த்தபோது வந்த ஒலி பிடித்துப்போய் அப்படியே விட்டுவிட்டார். 1966இல் ஆம்பெக் நிறுவனம் பிரெட்லெஸ் பேஸ் கிட்டாரைச் செய்தே விற்றது. ஃபெண்டர் நிறுவனமும் 1970இல் மெட்டில்லாத பிரிசிஷன் பேஸைக் கொண்டுவந்தது. எந்தத் துல்லியத்துக்காக அந்தப் பெயர் வைத்தார்களோ, அதையே கழற்றிவிட்டு அதே பெயரில் விற்றார்கள்!

இதை உலகமே திரும்பிப் பார்க்கும்படி செய்தவர் ஜாக்கோ பாஸ்டோரியஸ். மெட்டுகளைப் பிடுங்கி, பள்ளங்களை அடைத்து, மேலே படகுக்குப் பூசும் எபாக்சியைப் பூசினார். 1976இல் அவருடைய முதல் இசைத்தட்டு வந்தபோது, பின்வரிசைக் கருவி முன்வரிசைக்கு வந்து பாட ஆரம்பித்தது. 1987இல், 35 வயதில் இறந்துபோனார்.

மெட்டு போனால் என்ன கிடைக்கிறது? நம் ஊர்க் காதுக்கு இதைச் சுலபமாகச் சொல்லலாம். கமகம் கிடைக்கிறது. வீணையில் மெட்டு இருந்தாலும் கம்பியைப் பக்கவாட்டில் இழுத்துக் கமகம் கொண்டுவரலாம். மாண்டலின் ஸ்ரீனிவாஸ் மெட்டுள்ள கருவியில்தான் கர்நாடக சங்கீதத்தையே வாசித்தார். பேஸ் கிட்டாரின் தடித்த கம்பி அந்த அளவுக்கு வளையாது. அதனால்தான் ஒரு ஸ்வரத்திலிருந்து அடுத்ததற்கு வழுக்கிப் போக வேண்டுமானால் மெட்டைக் கழற்ற வேண்டியிருக்கிறது. வழுக்கும் கருவிகள் நமக்குப் புதிதல்ல. முத்துசாமி தீட்சிதரின் தம்பி பாலுசாமி தீட்சிதர் வயலினை நம் சங்கீதத்துக்குக் கொண்டுவந்தார். மெட்டில்லாத கோட்டுவாத்தியத்தைக் கச்சேரி மேடையில் நிலைநிறுத்தியவர் திருவிடைமருதூர் சகாராம ராவ். செம்மங்குடி சீனிவாச ஐயர் அவரிடமும் பயின்றவர்.

இன்னொன்றும் கிடைக்கிறது. மெட்டில்லாத பலகையில் கம்பி உரசிக்கொண்டே அதிர்வதால், 'ம்வா' என்று வாய் திறந்து சொல்வது போல ஒரு நாதம் எழும். தம்புராவின் குதிரையில் கம்பிக்கு அடியில் ஒரு நூலைச் செருகி 'ஜீவா' பிடிப்பார்களே, ஏறக்குறைய அதே விஷயம். நெசவு ஊர்க்காரர்களுக்கு ஒரு நூலின் மகிமையை நான் சொல்ல வேண்டியதில்லை.

தமிழ் சினிமாவில் பேஸ் கிட்டாரைத் தாளத்துக்குத் துணையாக மட்டும் வைக்காமல் பாட்டுக்குள் இன்னொரு பாட்டாக ஓடவிட்டவர் இளையராஜா. ஒவ்வொரு கருவிக்கும் தானே ஸ்வரம் எழுதிக் கொடுப்பவர் அவர். அவருடைய குழுவில் பேஸ் வாசித்தவர் சசிதரன். 1980இல் வந்த 'நெஞ்சத்தைக் கிள்ளாதே' படத்தின் 'பருவமே' பாட்டைக் கேட்டுப் பாருங்கள். அந்தக் காலத்து இசைத்தட்டு உறைகளில் இவர்கள் பெயரையெல்லாம் தேடினால் கிடைக்காது. வாசித்தவர்களின் பெயரை அச்சிடும் வழக்கம் ஏ.ஆர். ரகுமான் காலத்தில்தான் பரவியது. அவருக்குப் பல வருடங்கள் பேஸ் வாசித்த கீத் பீட்டர்ஸ் பிரெட்லெஸ் வாசிப்பதிலும் பெயர் பெற்றவர்.

போன மாதம் எங்கள் தெருப் பையன் ஒருவன், மெல்லிசைக் குழுவில் பேஸ் வாசிப்பவன், கூடு உள்ள பிரெட்லெஸ் கிட்டார் ஒன்றைத் தூக்கிக்கொண்டு எங்கள் வீட்டுத் திண்ணைக்கு வந்தான். பழைய கருவிதான். இரண்டு நாள் வாசித்துப் பார்க்கக் கடனாகக் கொடுத்திருக்கிறார்கள். தன்னிடம் இருக்கும் மெட்டுள்ள பேஸை விற்றால்தான் இதை வாங்க முடியும். "வாங்கலாமா தாத்தா?" என்றான்.

என் மனைவி வீணை வாசிப்பவர். "மின்சாரம் இல்லாம மொதல்ல வாசி கண்ணு" என்றார். கூடு இருப்பதால் திண்ணை முழுக்கக் கேட்டது. நல்ல நாதம். பிறகு ஒவ்வொரு கம்பியையும் அடியிலிருந்து நுனிவரை வாசிக்கச் சொன்னார். ஓரிடத்தில் கம்பி செத்த மாதிரி ஒலித்தது. பலகை அங்கே சற்று மேடு. தோல்வாரில் மாட்டிக் கையை எடுத்தால், உடம்பு லேசு என்பதால் கழுத்துப் பக்கம் கீழே சாய்ந்தது. முறுக்குக் கம்பி போட்டிருந்ததால் பலகையில் கோடு விழுந்திருந்தது. இதற்கு வழவழப்பான தட்டைக் கம்பிதான் ஏற்றது.

பிறகு என் மனைவி கண்ணை மூடிக்கொண்டு, அவனை மெதுவாக ஒரு பாட்டு வாசிக்கச் சொன்னார். மூன்று இடத்தில் "இறங்குது" என்றார், ஓரிடத்தில் "ஏறுது" என்றார். அவ்வளவு பெரிய கருவியில் ஒரு மில்லிமீட்டர் தவறினால் பெரிதாகத் தெரியாது. ஐந்தாறு மில்லிமீட்டர் தவறினால் பழகிய காதுக்குத் தெரிந்துவிடும். மெட்டு இருந்தால் அந்தக் கவலையைக் கருவி ஏற்கும். இல்லாவிட்டால் காதுதான் ஏற்க வேண்டும்.

அதனால் பையனுக்கு நாங்கள் சொன்னது இதுதான். இது பாடும் கருவி, நாதம் அருமை. ஆனால் நீ பிழைப்பது திருவிழா மேடையில். அங்கே உன் சத்தம் உனக்குச் சரியாகக் கேட்காது, சத்தத்தைக் கூட்டினால் இந்தக் கூடு ஊளையிடும். ஃபெண்டர் 1951இல் மெட்டு பதித்தது உன்னைப் போன்றவனுக்காகத்தான். அந்தக் கருவியை விற்காதே. காசு சேர்ந்ததும் இதைப் போல ஒன்றை வாங்கி, தம்புராவை வைத்துக்கொண்டு விடியற்காலையில் சாதகம் செய். முதலில் காது பழகட்டும்.

முகம் வாடித்தான் போனான். ஆனால் மறுநாள் கருவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்து, "பாட்டி, தம்புரா சுருதி வைக்கச் சொல்லித் தர்றீங்களா?" என்று கேட்டான். இப்போது வாரத்தில் இரண்டு நாள் வருகிறான்.