வேதம் என்றொரு எண்: 1600984

சித்திரை வருஷம் எத்தனை மணிக்குப் பிறக்குது எண்டு ஆரையம்பதியில் கேட்டால், "வாக்கியப்படியா, திருக்கணிதப்படியா?" என்ற கேள்விதான் முதலில் திரும்பி வரும். மருத்துநீர் வைக்கிற நேரமும் அதைப் பொறுத்தே மாறும். வாக்கியம் பழசு, கண்ணை மூடிக்கொண்டு பின்பற்றுறது எண்டு எங்கட வயதுக்காரர் பலர் தள்ளிவிடுவதுண்டு. தள்ளிவிட முன்னம், அந்த மரபு சந்திரனைக் கணிக்கப் பயன்படுத்திய ஒரு எண்ணைப் பார்ப்போம்: 1600984.

இது ஒரு நாள் கணக்கு. கலியுகத் தொடக்கமாகக் கொள்ளப்படும் கி.மு. 3102 பெப்ரவரி 18, வெள்ளிக்கிழமையிலிருந்து இத்தனை நாள் கழிந்தால் கி.பி. 1282 மே 22 வரும். 1300ஐ ஒட்டி எழுந்த 'வாக்கியகரணம்' என்ற நூலின் காலமும் ஏறத்தாழ அதுதான். 4383 வருஷத்துக்கு மேற்பட்ட நாட்களை ஒரே கழித்தலில் தள்ளிவிடலாம். மிச்சத்தை 12372ஆல் வகுத்து, அதன் மீதியை 3031ஆல் வகுத்து, அந்த மீதியை 248ஆல் வகுக்க வேண்டும். சந்திரன் வேகம் கூடிக் குறைந்து பழைய நிலைக்கு வர ஏறக்குறைய 27.55 நாள் எடுக்கும். அப்படி 9 சுற்று 248 நாள், 110 சுற்று 3031, 449 சுற்று 12372. கடைசி மீதிதான் 248 வாக்கியங்களில் எதைச் சொல்வது எண்டு காட்டும்.

இந்த எண்களை மனனம் செய்யப் பேர்களும் இருந்தன. 248க்குப் பேர் தேவரம். (நாங்கள் கோயிலில் பாடுற தேவாரம் இல்லை!) எழுத்தை எண்ணாக்கும் கடபயாதி முறையில் தே 8, வ 4, ர 2, பின்னாலிருந்து வாசித்தால் 248. 1600984இன் பேர் வேதம். வே 4, த 8: கடைசி இரண்டு இலக்கம் 84.

1825இல் ஜோன் வாரன் என்ற ஆங்கிலேயப் படை அதிகாரி, புதுச்சேரியில் ஒரு பஞ்சாங்கக்காரர் நிலத்தில் சோகி பரப்பி, மனப்பாடமாகச் சந்திர கிரகணம் கணித்ததை எழுதினார். அவருடைய பேரை 'சாமி நாடன் சாசியா' எண்டு ஏதோ மாதிரிப் பதிந்தார். அந்தக் கிரகணம் 1825 மே 31, ஜூன் 1 இடைப்பட்ட இரவில் வந்தது. கணிப்பு தொடக்கத்தில் 4 நிமிடம், நடுவில் 23, முடிவில் 52 நிமிடம் பிசகியது.

நாங்களும் போட்டுப் பார்த்தோம். மே 31க்குக் கலிநாள் 1799312. அதில் 1600984 போக 198328. 12372ஆல் வகுத்தால் மீதி 376. அது 3031ஐ விடச் சின்னது. 248 போக 128. ஆக, 128ஆம் வாக்கியம். இன்னொரு வசதியும் கிடக்கு: 1600984ஐக் காரணிப்படுத்தினால் 8×7×11×23×113. உள்ளே 7 இருப்பதால் கழித்தாலும் கிழமை குழம்பாது. 198328ஐ 7ஆல் வகுக்க மீதி 4. வெள்ளியிலிருந்து நாலு நாள் தள்ளினால் செவ்வாய். 1825 மே 31 செவ்வாய்தான்.

அந்தப் பஞ்சாங்கக்காரருக்குக் கோட்பாடு ஒன்றும் விளங்காது எண்டதுதான் வாரனின் முடிவு. இருக்கலாம். இண்டைக்குக் கைபேசியில் கிரகண நேரம் பார்க்கிற எங்களுக்கும் விளங்காது. அவரிடம் அச்சிட்ட அட்டவணை கூட இருக்கேல்ல. வாக்கியத்தின் நேரம் வானத்தோடு பிசகுது எண்டு சொல்வது நியாயம். அந்தப் 52 நிமிடமே சாட்சி. ஆனால் அதைக் கணக்குத் தெரியாதவர்களின் நம்பிக்கை எண்டு சொல்ல, 1600984 இடம் தராது.