ஒரே பெரிய லீவா, நாலு சின்ன லீவா... சென்னை ஸ்கூல்களுக்கு எது செட் ஆகும்?

2023-ல் நடந்தது ஞாபகம் இருக்கா? கோடை விடுமுறை முடிந்து ஜூன் 1-ல் பள்ளிகள் திறக்கும் என்றார்கள். வெயில் குறையவில்லை, ஜூன் 7 என்றார்கள். கடைசியில் 6 முதல் 12-ம் வகுப்புக்கு ஜூன் 12, குட்டீஸ்களுக்கு ஜூன் 14 என முடிவானது. அதே கல்வியாண்டின் டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்து சென்னைப் பள்ளிகளை ஒரு வாரம் மூட வைத்தது. அரையாண்டுத் தேர்வும் தள்ளிப்போனது.

வெயிலுக்கும் லீவு, மழைக்கும் லீவு என்றால், காலண்டரையே மாற்றிப் போட்டால் என்ன? கேரளாவில் இந்தப் பேச்சு வந்துவிட்டது. ஏப்ரல், மே கோடை விடுமுறையை மழைக்காலமான ஜூன், ஜூலைக்கு மாற்றலாமா என்று 2025-ல் மக்களிடம் கருத்துக் கேட்டார் அம்மாநிலக் கல்வி அமைச்சர் வி.சிவன்குட்டி.

'பேலன்ஸ்டு காலண்டர்'னா என்ன?

'வருஷம் முழுக்க ஸ்கூலா?' என்று பதற வேண்டாம். வகுப்பு நாட்கள் கூடாது. ஒரே நீண்ட கோடை விடுமுறையைப் பிரித்து, வருஷம் முழுக்கப் பரவலாக வைப்பார்கள், அவ்வளவுதான். அமெரிக்காவில் பிரபலமான முறை, 45 நாள் வகுப்பு, 15 நாள் லீவு. நீண்ட லீவில் படித்தது மறந்துபோவதைக் குறைக்கலாம் என்பதுதான் இதற்குச் சொல்லப்படும் முக்கியக் காரணம். ஆனால், மொத்த வகுப்பு நாட்கள் மாறாததால், அங்கே நடந்த பல ஆய்வுகளில் படிப்பில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை.

நமக்குத் தெரிந்த ஊர்களிலும் இதன் சாயல் உண்டு. சிங்கப்பூரில் நான்கு பருவங்கள். நடு ஆண்டில் 4 வாரம், ஆண்டு இறுதியில் 6 வாரம், இடையில் ஒவ்வொரு வாரமாக இரண்டு லீவு. யாழ்ப்பாணம் உட்பட இலங்கைப் பள்ளிகளுக்கு வழக்கமாக ஏப்ரல், ஆகஸ்ட், டிசம்பரில் மூன்று தவணை விடுமுறைகள்.

நம்ம கணக்கு என்ன?

ஒரு வருஷத்தில் சனி, ஞாயிறைக் கழித்தால் சுமார் 261 நாட்கள். அரசு விடுமுறைகளும் போனால் ஏறக்குறைய 240. 2024-25-ல் தமிழகப் பள்ளிகளுக்கு முதலில் 220 வேலை நாட்கள் அறிவித்து, ஆசிரியர்கள் எதிர்ப்புக்குப் பிறகு 210 ஆகக் குறைத்தார்கள். மிச்சம் சுமார் 30 நாட்கள், அதாவது 6 வாரம். சில சனிக்கிழமைகளில் வகுப்பு வைத்தால் கொஞ்சம் கூடும்.

45-15 முறையில் வகுப்பு நாட்கள் மொத்தமே 180. சிங்கப்பூரிலோ லீவு 12 வாரம். அதனால் வெளிநாட்டு அட்டவணையை அப்படியே காப்பி பேஸ்ட் பண்ண முடியாது. கையில் இருக்கும் 6 வாரத்தை எப்படிப் பங்கு போடுவது என்பதுதான் நம்ம கேள்வி.

மழைக்கு முன்கூட்டியே லீவு விடலாமா?

அங்கேதான் சிக்கல். 2015-ல் அடையாறு பொங்கி கோட்டூர்புரம் மூழ்கியது டிசம்பர் தொடக்கத்தில். 2021-ல் தி.நகர் தெருக்களில் தண்ணீர் நின்றது நவம்பரில். மழை ஒவ்வொரு வருஷமும் வேறு தேதியில் வருகிறது. மே மாத வெயிலோ தேதி தவறாது. அதனால் மே லீவில் கை வைக்க முடியாது. மழைக்கு, அட்டவணையிலேயே சில 'ரிசர்வ்' நாட்களை ஒதுக்குவதுதான் புத்திசாலித்தனம்.

காலாண்டு லீவை ஒட்டி மயிலாப்பூரில் கொலு வரும். அரையாண்டு லீவு மார்கழி சீசனில் வரும். ஏப்ரல் கடைசியில் சில நாட்கள் காலை வகுப்பு வைத்தால், இந்த இரண்டு லீவுகளையும் கொஞ்சம் நீட்டலாம்.

யாருக்கு என்ன பாதிப்பு?

* வேலைக்குப் போகும் பெற்றோர்: நாலு முறை லீவு விட்டால், நாலு முறை 'குழந்தையை யார் பார்த்துக்கிறது?' என்ற கேள்வி வரும். சம்மர் கேம்ப் இருக்கும் அளவுக்கு அக்டோபர் கேம்ப் கிடையாது.
* அண்ணன் ஸ்டேட் போர்டு, தங்கை சி.பி.எஸ்.இ: இப்போதே பல வீடுகளில் இரண்டு காலண்டர். ஒரு போர்டு மட்டும் மாறினால் ஊருக்குப் போவதே கஷ்டம்.
* அரசுப் பள்ளி மாணவர்கள்: மதிய உணவும், 2022-ல் தொடங்கிய காலை உணவும் பள்ளி நடக்கும் நாட்களில்தான். ஒரு வீட்டுக்கு நீண்ட லீவு என்றால் அம்மாச்சி ஊர். பக்கத்துத் தெருவில் இருக்கும் இன்னொரு வீட்டுக்கு, தினமும் இரண்டு வேளைச் சாப்பாட்டுக்குக் கூடுதல் செலவு.

2012-13-ல் 1 முதல் 8-ம் வகுப்பு வரை முப்பருவ முறை வந்தபோது, புத்தகங்களை மூன்றாகப் பிரித்தோம். பை எடை குறைந்தது. லீவையும் அப்படிப் பிரிக்க முடியும். ஆனால், லீவு நாட்களிலும் அந்தக் குழந்தைகளின் தட்டில் சாப்பாடு இருக்குமா என்பதை முடிவு செய்துவிட்டுத்தான் தேதிகளைத் தொட வேண்டும்.

உங்க வீட்டுக் குட்டீஸ்கிட்ட கேட்டுப் பாருங்க... ஒரே பெரிய லீவா, நாலு சின்ன லீவா?